0வா, 1ஆ? சில்லுக்குள் நிகழும் தடுமாற்றம்

பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். உயரமானவர்கள் பின்வரிசையில், ஆசிரியர் நடுவில். படம் எடுப்பவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுகிறார். "மூன்று" என்றதும் யாரும் அசைவதில்லை. கேமரா சொடுக்குகிறது. எண்ணியது எல்லார் காதிலும் விழுந்ததால் படம் தெளிவாக வருகிறது.

தண்ணீர் குடிக்கப் போன ஒரு மாணவர் அந்த நேரம் பார்த்து ஓடி வருகிறார். எண்ணியது அவர் காதில் விழவில்லை. அவர் வரிசைக்குள் காலெடுத்து வைக்கும் அதே கணத்தில் கேமரா சொடுக்கிவிடுகிறது. படத்தின் ஓரத்தில் ஒரு மங்கல். சீருடையின் வெள்ளை தெரிகிறது, முகம் தெரியவில்லை. பிறகு அந்தப் படத்தை வைத்து எண்ணும் ஒருவர் 40 பேர் என்கிறார். இன்னொருவர் 41 என்கிறார். இருவரும் பார்த்தது ஒரே படத்தைத்தான்.

உங்கள் திறன்பேசிக்குள் இப்படி எண்ணிக்கையைக் கேட்காமல் ஓடி வரும் மாணவர்கள் வினாடிக்குப் பல மில்லியன் பேர். அவர்களை எப்படி வரிசையில் நிறுத்துவது என்பது கணினிப் பொறியியலின் பழைய சிக்கல்களில் ஒன்று. இதில் வியப்பு என்னவென்றால், இந்தச் சிக்கலை முழுமையாகத் தீர்க்கவே முடியாது. தீர்த்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். சிக்கலே இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

துடிப்புக்கு ஒரு படம்

கணினிச் சில்லு ஒன்றுக்குள் எல்லா வேலையும் ஒரு தாளத்திற்கு நடக்கிறது. அந்தத் தாளத்தைத் தருவது கடிகாரத் துடிப்பு. மின்னழுத்தம் ஏறி இறங்கும், மறுபடியும் ஏறி இறங்கும். 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் என்றால் வினாடிக்கு 100 மில்லியன் துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே 10 நானோ வினாடி. ஒரு நானோ வினாடி என்பது ஒரு வினாடியை 1,000 மில்லியன் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு.

ஒவ்வொரு துடிப்பிலும் படம் பிடிக்கும் சிறு கேமராவுக்கு 'ஃபிளிப் ஃபிளாப்' என்று பெயர். துடிப்பு ஏறும் கணத்தில் தன் வாசலில் நிற்பது 0வா 1ஆ என்று பார்த்து, அதை அடுத்த துடிப்பு வரும்வரை பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. வாசலில் நிற்கும் மதிப்பு துடிப்புக்குச் சற்று முன்னரும் சற்றுப் பின்னரும் அசையாமல் இருக்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளியை ஆபத்துச் சாளரம் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லாச் சுற்றுகளும் ஒரே கடிகாரத்தைக் கேட்டு நடந்தால் யாரும் அந்தச் சாளரத்தில் அசையமாட்டார்கள். வடிவமைப்பவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு அதை உறுதிசெய்துவிடலாம். கடிகாரங்கள் இரண்டாகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அப்படியானால் ஒரே கடிகாரத்தை வைத்துக்கொள்வதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதலாவதாக, எல்லாம் நம் கையில் இல்லை. வீட்டிலுள்ள வைஃபை கருவிக்குத் தனியாக ஒரு கடிகாரம் உண்டு. கம்பியின் மறுமுனையில் இருக்கும் அச்சுப்பொறிக்கு இன்னொன்று. விசைப்பலகையை அழுத்தும் உங்கள் விரலோ எந்தக் கடிகாரத்தையும் கேட்பதில்லை. இரண்டாவதாக, ஒரே சில்லுக்குள்ளும் தேவைகள் வேறு வேறு. ஒலிக்கு வினாடிக்கு 48,000 மாதிரிகள் போதும். செயலிக்கு வினாடிக்கு 3,000 மில்லியன் துடிப்புகள் வேண்டும், மின்கலத்தைச் சேமிக்கும் நேரத்தில் அதையே குறைத்துக்கொள்ளவும் வேண்டும். மூன்றாவது காரணம் தூரம். வினாடிக்கு 3,000 மில்லியன் துடிப்பு என்றால், ஒரு துடிப்புக்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் செல்லும். சில்லுக்குள் ஓடும் மெல்லிய கம்பிகளில் மின்குறிப்பு அதைவிட மெதுவாகத்தான் போகிறது. பெரிய சில்லின் ஒரு மூலையில் அடித்த தாளம் மறுமூலையில் அதே கணத்தில் கேட்காது.

இரண்டு கடிகாரங்களுக்கும் ஒரே வேகத்தை வைத்துவிட்டால்? அதுவும் உதவாது. கடிகாரத்தின் துடிப்பு குவார்ட்ஸ் படிகம் ஒன்றின் அதிர்விலிருந்து வருகிறது. உங்கள் கைக்கடிகாரத்திலும் அதுதான் இருக்கிறது. அது வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணை 15 முறை பாதியாக்கிப் பாருங்கள், சரியாக 1 வரும். வினாடி முள் நகர்வது அப்படித்தான். ஆனால் எந்த இரண்டு படிகங்களும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. மில்லியனில் 20 பங்கு வேறுபாடு மிகச் சாதாரணம். கைக்கடிகாரத்தில் அது நாளுக்கு ஏறக்குறைய 1.7 வினாடி. யாரும் கவலைப்படமாட்டார்கள். அதே வேறுபாடு 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரங்கள் இரண்டுக்கு இடையே இருந்தால், ஒன்று மற்றொன்றை வினாடிக்கு 2,000 முறை முந்திச் செல்லும். ஒவ்வொரு முறை முந்தும்போதும் இரண்டும் ஆபத்துச் சாளரத்தில் உரசிக்கொள்ளும்.

கூரை முகட்டில் ஒரு பந்து

சரி, உரசினால் என்ன ஆகும்? கேமராவில் மங்கல் விழும். ஃபிளிப் ஃபிளாப்பில் விழும் மங்கல் எப்படி இருக்கும்?

ஃபிளிப் ஃபிளாப்பின் நெஞ்சில் இரண்டு 'மறுப்பான்கள்' உள்ளன. 1 கொடுத்தால் 0 தரும், 0 கொடுத்தால் 1 தரும் சிறிய சுற்றுகள் அவை. முதலாவதன் விடை இரண்டாவதற்குள் போகிறது. இரண்டாவதன் விடை முதலாவதற்குள் திரும்பி வருகிறது. ஒன்று "1" என்றால் மற்றது "0" என்கிறது. அந்த "0" முதலாவதன் "1"ஐ இன்னும் உறுதிப்படுத்துகிறது. ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். மதிப்பு மறக்காமல் இருப்பது இதனால்தான்.

இப்போது 0 வோல்ட்டை 0 என்றும் 1 வோல்ட்டை 1 என்றும் வைத்துக்கொள்வோம். மதிப்பு மாறிக்கொண்டிருக்கும் கணத்தில் படம் பிடித்தால், இரண்டு மறுப்பான்களும் அரை வோல்ட்டுக்கு அருகில் மாட்டிக்கொள்ளலாம். ஒன்று "பாதி" என்கிறது. அதற்கு மறுப்பும் "பாதி"தான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு முடிவெடுக்காமல் நிற்கின்றன.

இரு பக்கமும் சரியும் கூரையின் முகட்டில் ஒரு பிங்பாங் பந்தை வைத்ததுபோல என்று சொல்லலாம். எந்தப் பக்கமாவது அது விழுந்தே தீரும். மின்னணுக்களின் இயல்பான நடுக்கமே அதைத் தள்ளிவிடப் போதும். ஆனால் எப்போது விழும்? பெரும்பாலும் உடனே. மிகச் சரியாக நடுவில் நின்றுவிட்டால் சற்று நேரம் கழித்து. இன்னும் சரியாக நின்றுவிட்டால் இன்னும் கழித்து. "இத்தனை நானோ வினாடிக்குள் கட்டாயம் விழுந்துவிடும்" என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இதை ஆங்கில வழக்கில் மெட்டாஸ்டேபிள் நிலை என்பார்கள். நாம் தடுமாற்ற நிலை என்றே சொல்வோம்.

அரை வோல்ட் என்பது தன்னளவில் தீங்கில்லை. அதைப் படிக்கும் அடுத்த சுற்றுகள்தான் பிரச்சினை. ஒரு சுற்று அதை 0 என்று எடுத்துக்கொள்ளும், பக்கத்திலிருக்கும் சுற்று 1 என்று எடுத்துக்கொள்ளும். 40 பேரா 41 பேரா என்ற அதே கதை. "தகவல் வந்துவிட்டது" என்று ஒரு பகுதி வேலையைத் தொடங்க, "இன்னும் வரவில்லை" என்று மற்றொரு பகுதி காத்திருக்க, கருவி அப்படியே உறைந்துவிடலாம். மறுபடி இயக்கிப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். பழுதைத் தேடிப் போனால் எதுவும் அகப்படாது.

நம்ப மறுத்தவர்கள்

இதை முதலில் கண்டவர் யார் என்பதற்கு ஒற்றை விடை இல்லை. கணினிகள் அறை அளவு இருந்த 1952லேயே சாமுவேல் லப்கின் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1966ல் ஐவர் கேட் என்ற பிரிட்டிஷ் பொறியாளரும் எழுதினார். இரண்டும் பெரிதாகக் கவனம் பெறவில்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சேனி, சார்ல்ஸ் மால்னார் இருவரும் தங்கள் குழுவினருடன் இதைக் கண்ணால் பார்க்க முயன்றார்கள். வேண்டுமென்றே ஆபத்துச் சாளரத்தில் குறிப்புகளைச் செலுத்தி, வெளிவரும் மின்னழுத்தத்தை அலைகாட்டித் திரையில் படமாக்கினார்கள். 0வுக்கும் 1க்கும் நடுவில் கோடு ஒன்று மிதந்து நின்று, பிறகு மேலேயோ கீழேயோ சாய்வதை அந்தப் படங்கள் காட்டின. அவர்களுடைய கட்டுரை 1973ல் வெளிவந்தது. அதற்கு முன்பும் பின்பும் அவர்கள் சந்தித்த அவநம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. கணினி என்றாலே 0, 1 இரண்டுதான் என்று பயின்றவர்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று நிற்கிறது என்பதை ஏற்க மனம் வரவில்லை.

அவர்களை எனக்குப் புரிகிறது. 0, 1 என்பவை நாம் வைத்த பெயர்கள். கம்பியில் ஓடுவது எப்போதும் மின்னழுத்தம்தான், அது 0.37 ஆகவும் இருக்கலாம், 0.52 ஆகவும் இருக்கலாம். பெயரைப் பழகிய பிறகு பொருளை மறந்துவிடுவது எளிது.

செயின்ட் லூயிஸ் குழுவில் இருந்த செவரோ ஆர்ன்ஸ்டீன் பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த பிபிஎன் நிறுவனத்தில் சேர்ந்தார். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் கட்டமைப்புக்கான முதல் இணைப்புக் கணினியை அந்நிறுவனம் 1969ல் உருவாக்கிக்கொண்டிருந்தது. ஹனிவெல் 516 என்ற கணினியை மாற்றியமைத்து அதைச் செய்தார்கள். கலிஃபோர்னியாவுக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிய வேளையில், அந்த இயந்திரம் எப்போதாவது ஒருமுறை காரணமின்றி நின்றுபோனது. நிரலில் குற்றமில்லை. கம்பிகளிலும் குற்றமில்லை. ஆர்ன்ஸ்டீனுக்கு மட்டும் இது எங்கோ பார்த்த முகமாகத் தெரிந்தது. வெளியிலிருந்து வரும் கோரிக்கை ஒன்றும் உள்கடிகாரமும் ஆபத்துச் சாளரத்தில் மோதும்போது சுற்று தடுமாறுகிறது என்று அவர் சந்தேகித்தார். அவரும் சக பொறியாளர்களும் தேடியபோது அதுவே காரணம் என்று தெரிந்தது. சுற்றைத் திருத்தி, இயந்திரத்தை லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். செயின்ட் லூயிஸ் ஆய்வை அறிந்த ஒருவர் அந்த அறையில் இல்லாமல் போயிருந்தால் எத்தனை வாரம் தேடியிருப்பார்களோ!

காத்திருப்பதே மருந்து

பந்து எப்போது விழும் என்று சொல்ல முடியாது என்றோம். ஆனால் பந்துகள் பல இருந்தால் ஒன்று சொல்லலாம். கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுள் படித்திருப்பீர்கள். இங்கேயும் அதே கணக்குதான். ஒவ்வொரு சம இடைவெளிக்கும் முகட்டில் மிஞ்சியிருக்கும் பந்துகளில் பாதி விழுந்துவிடும்.

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காகச் சில எண்களை நானே வைக்கிறேன். கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது துடிப்புக்கு 10 நானோ வினாடி. ஆபத்துச் சாளரம் 0.1 நானோ வினாடி. வெளியிலிருந்து வரும் குறிப்பு வினாடிக்கு ஒரு மில்லியன் முறை மாறுகிறது. சாளரம் துடிப்பில் நூற்றில் ஒரு பங்கு. ஆகவே ஒரு மில்லியன் மாற்றங்களில் 10,000 சாளரத்தில் போய் விழும். வினாடிக்கு 10,000 தடுமாற்றங்கள்!

அரை ஆயுள் 0.2 நானோ வினாடி என்று கொள்வோம். விடையைப் படிக்குமுன் 4 நானோ வினாடி காத்திருந்தால் 20 முறை பாதியாகும். 2ஐ 20 முறை பெருக்கினால் 1,048,576. மில்லியனில் ஒன்றுதான் மிஞ்சும். வினாடிக்கு 10,000 என்றால், ஏறக்குறைய 105 வினாடிக்கு ஒரு கோளாறு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுபோகும் திறன்பேசியை யாரும் வாங்கமாட்டார்கள்.

காத்திருக்கும் நேரத்தை 8 நானோ வினாடியாக ஆக்குங்கள். இருமடங்குதான். இப்போது 40 முறை பாதியாகும். கோளாறுகளுக்கு இடையிலான சராசரிக் காலம் ஏறக்குறைய 110 மில்லியன் வினாடி. மூன்றரை ஆண்டு! காத்திருப்பு இரண்டு மடங்கு, பலன் மில்லியன் மடங்கு.

மூன்றரை ஆண்டு போதுமா? உங்கள் ஒருவருக்குப் போதலாம். அதே சில்லுள்ள 10 மில்லியன் திறன்பேசிகளை விற்ற நிறுவனத்துக்குப் போதாது. 110 மில்லியனை 10 மில்லியனால் வகுத்தால் 11. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு திறன்பேசி 11 வினாடிக்கு ஒருமுறை தடுமாறும். அதிலும் நாம் பார்த்தது ஒரே ஒரு சந்திப்பிடத்தை மட்டும். இன்றைய சில்லுகளில் இரு கடிகாரங்கள் சந்திக்கும் இடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

காத்திருப்பை எப்படிச் சுற்றாகக் கட்டுவது? மிக எளிது. ஒரு ஃபிளிப் ஃபிளாப்புக்குப் பின்னால் இன்னொன்றை வைத்துவிட வேண்டியதுதான். இரண்டுக்கும் புதிய இடத்தின் கடிகாரமே தாளம். முதலாவது தடுமாறினாலும், அடுத்த துடிப்பு வரும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. அதற்குள் பந்து விழுந்திருக்கும். இதற்கு ஒத்தியக்கி என்று பெயர். சுற்றின் மற்ற தாமதங்களுக்கும் இடம் விட்டால், நம் கணக்கின் 8 நானோ வினாடி இதிலேயே கிடைத்துவிடும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் மேலும் 10 நானோ வினாடி. மொத்தம் 18. அதாவது 90 முறை பாதி. கோளாறுகளுக்கு இடையிலான காலம் பிரபஞ்சத்தின் வயதைப்போல 200,000 மடங்குக்கும் மேல் ஆகிவிடும். நம்பாதவர்கள் கணிப்பானில் போட்டுப் பாருங்கள், பிரபஞ்சத்தின் வயது 13.8 பில்லியன் ஆண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். மாணவர் வரிசைக்குள் வந்துவிட்டாரா இல்லையா என்பதை ஒத்தியக்கி சரியாகச் சொல்லும் என்று நான் சொல்லவில்லை. அது 0 என்றும் சொல்லலாம், 1 என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் குற்றமில்லை, அடுத்த துடிப்பில் உண்மை தெரிந்துவிடும். எல்லாரும் ஒரே விடையைக் கேட்கிறார்கள் என்பதே முக்கியம்.

ஏழிலிருந்து எட்டுக்கு

ஒற்றைக் குறிப்புக்கு இது போதும். ஓர் எண்ணை எல்லை கடத்த வேண்டுமானால்?

இரும எண்ணில் 7 என்பது 0111. 8 என்பது 1000. ஏழிலிருந்து எட்டுக்குப் போகும்போது நான்கு இலக்கமும் ஒருசேர மாறுகின்றன. நான்குக்கும் நான்கு ஒத்தியக்கி வைத்தாலும், ஒன்று இந்தத் துடிப்பில் மாறிவிடும், இன்னொன்று ஒரு துடிப்பு பிந்தும். இடைப்பட்ட நேரத்தில் மறுபக்கம் 1111 என்று படிக்கலாம், அதாவது 15. அல்லது 0000 என்று படிக்கலாம். ஒவ்வோர் ஒத்தியக்கியும் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. எண் மட்டும் தவறு.

இதற்கு விடை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேறு எதற்காகவோ பிறந்தது. அங்கு வேலை செய்த ஃபிராங்க் கிரே, குரலை மின்துடிப்புகளாக மாற்றும் கருவிக்காக எண்களை வேறு வரிசையில் எழுதினார். 1947ல் விண்ணப்பித்து 1953ல் காப்புரிமை பெற்றார். அவர் வரிசையில் 0 முதல் 8 வரை இப்படி வரும்: 0000, 0001, 0011, 0010, 0110, 0111, 0101, 0100, 1100. அடுத்தடுத்த எந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஓர் இலக்கம்தான் மாறியிருக்கும். ஏழு 0100, எட்டு 1100. நடுவில் படம் பிடித்தாலும் ஏழு அல்லது எட்டு மட்டுமே கிடைக்கும். பதினைந்து வர வழியே இல்லை.

இன்று இரு கடிகாரங்களுக்கு இடையே தகவல் வெள்ளமாகப் போக வேண்டிய இடங்களில் இந்தக் கிரே எண்கள் இருக்கின்றன. பள்ளி உணவகத்தின் தட்டு அடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சமைப்பவர் எண் போட்ட இடங்களில் வரிசையாகத் தட்டுகளை வைத்துக்கொண்டே போகிறார். பரிமாறுபவர் அதே வரிசையில் எடுத்துக்கொண்டே வருகிறார். இருவர் வேகமும் வேறு. சமைப்பவர் "எதுவரை வைத்தேன்" என்ற எண்ணை மட்டும் அந்தப் பக்கம் சொல்கிறார், பரிமாறுபவர் "எதுவரை எடுத்தேன்" என்ற எண்ணை மட்டும் இந்தப் பக்கம் சொல்கிறார். உணவு எல்லை கடக்கும்போது யாரும் அதைத் தொட்டு அசைப்பதில்லை. அந்த இரண்டு எண்கள் மட்டும் கிரே வரிசையில், ஒத்தியக்கி வழியாகக் கடந்து செல்கின்றன. கேட்ட எண் ஒரு துடிப்பு பழையதாக இருந்தாலும் மோசமில்லை. இல்லாத தட்டை எடுக்கப் போவதில்லை, கொஞ்சம் பொறுத்து எடுப்பார், அவ்வளவுதான்.

கணினியில் சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழைகள் தெரிந்துவிடுமே என்று தோன்றும். பெரும்பாலும் தெரியாது. சில்லைத் தயாரிக்குமுன் நடத்தும் பாவனைச் சோதனைக்கு 0வும் 1ம்தான் தெரியும், அரை வோல்ட் தெரியாது. அதில் எல்லாம் சரி என்று வந்த சில்லு கைக்கு வந்தபின் தடுமாறலாம். அதனால் எந்தக் குறிப்பு எந்தக் கடிகாரத்திலிருந்து எதற்குக் கடக்கிறது என்று தேடி, ஒத்தியக்கி விடுபட்ட இடங்களைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே தனி மென்பொருள்கள் உள்ளன.

கழுதையும் இரண்டு வைக்கோல் கட்டும்

தடுமாற்றத்தை அடியோடு ஒழிக்கும் சுற்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அவ்வப்போது யாராவது சொல்வதுண்டு. முடிவற்று ஓடும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் வரிசையில்தான் அவர்களையும் சேர்க்க வேண்டும். நடுவில் நிற்கும் பந்தை ஒரு பக்கம் தள்ளிவிடும் சுற்று என்பார்கள். பந்து நடுவில் நிற்கிறதா இல்லையா என்பதை அந்தச் சுற்று முடிவுசெய்ய வேண்டுமே? அந்த முடிவிலேயே அது தடுமாறும். முகடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்திருக்கும், மறைந்திருக்காது.

ஜான் பூரிடான் என்ற 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞரின் பெயரால் ஒரு கழுதைக் கதை வழங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் ஒரே அளவு வைக்கோல். எந்தப் பக்கம் போவது என்று முடிவுசெய்ய முடியாமல் கழுதை பட்டினி கிடந்து சாகிறது. கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் இந்தக் கதையை வைத்து 1984ல் ஒரு கட்டுரை எழுதினார். தொடர்ச்சியாக மாறக்கூடிய ஒன்றைப் பார்த்து "இதுவா, அதுவா" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எதுவும், குறித்த நேரத்துக்குள் தேர்ந்தெடுத்தே தீரும் என்று உறுதிசொல்ல முடியாது என்பது அவர் வாதம். சில்லுக்கு மட்டுமல்ல, ரயில் வருவதைப் பார்த்துக் கடவைப்பாதையைக் கடக்கலாமா நிற்கலாமா என்று யோசிக்கும் ஓட்டுநருக்கும் அது பொருந்தும் என்றார். அந்தக் கட்டுரை அச்சேற 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டுக்கான டியூரிங் விருது, வேறு பணிகளுக்காக, அவருக்குக் கிடைத்தது.

ஆகவே பொறியாளர் முன்னால் இருப்பவை இரண்டே வழிகள். குறித்த நேரத்தில் விடை வேண்டுமென்றால், அது எப்போதோ ஒருமுறை தடுமாறிய விடையாக இருக்கும் என்பதை ஏற்க வேண்டும். ஒத்தியக்கி அந்த வழி. தடுமாற்றமே கூடாதென்றால், விடை வரும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். கடிகாரமே இல்லாத சுற்றுகள் அந்த வழியைச் சேர்ந்தவை. அவற்றில் தாளம் போட யாரும் இல்லை. அஞ்சல் ஓட்டத்தில் கோலைப் பெறுபவர் பிடித்துக்கொண்ட பிறகே தருபவர் கையை விடுவதுபோல, ஒரு பகுதி "முடிந்தது" என்றால்தான் அடுத்தது தொடங்கும்.

சார்ல்ஸ் மால்னார் தம் இறுதி ஆண்டுகளில் அந்தப் பக்கம்தான் போனார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஐவன் சதர்லண்ட், ராபர்ட் ஸ்ப்ரோல் ஆகியோருடன் சேர்ந்து, கடிகாரமின்றி இயங்கக்கூடிய செயலி ஒன்றின் வடிவமைப்பை 1994ல் வெளியிட்டார். அதில் கட்டளைகள் ஒரு திசையிலும் விடைகள் எதிர்த்திசையிலும் நகர்கின்றன. நேருக்கு நேர் வரும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் கடந்துவிடக் கூடாது. அதற்காகப் பக்கத்துப் பக்கத்து நிலைகளுக்கு நடுவே, யார் முதலில் நகர்வது என்று முடிவுசெய்யும் ஒரு சிறு சுற்றை வைத்தார்கள். முடிவெடுக்கும்வரை அது இரண்டையும் நிறுத்திவைக்கும்.